நாய்க்கும் இடமுண்டு, சக்கர வீட்டில்!

நாலு நாள் வெளியூர் போகலாம் என்று பேச்செடுத்தால், நாய் வளர்க்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இவனை யார் பார்த்துக் கொள்வது?" என்பதுதான். பக்கத்து வீட்டாரிடம் ஒரு நாள் விடலாம். நாலு நாள் விட முடியுமா? ஓட்டல்காரர் வாசலிலேயே கையை விரித்து விடுவார். ரயிலில் என்றால், முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அடைக்க வேண்டும். கடைசியில் வீட்டில் ஒருவர் தங்கி விடுவார். அநேகமாக அது பாட்டியாக இருக்கும்!

இதற்கு ஒரு வழி கேரவன். கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்களின் ஒப்பனை வண்டிதான் நம்மவருக்கு நினைவு வரும். படுக்கை, சிறு சமையலறை, கழிவறை எல்லாம் அமைந்த இந்தச் சக்கர வீட்டை ஒரு தோட்டத்து ஓரமாக நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து விட்டால், அதுவே விடுமுறை விடுதி. வரவேற்பறை இல்லை, மேல் மாடிக்காரர் இல்லை. நாய் குரைத்தால் கேட்பது தென்னை மரம்தான்.

கேரள அரசு 2021 செப்டம்பரில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. முதல் 100 வண்டிகளுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம் வரை மானியம் என்றது. இருவருக்கான வண்டி, நால்வர் குடும்பத்துக்கான வண்டி என இரு வகை. 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா என்றால் குறைந்தது 50 சென்ட் நிலமும், 5 வண்டிகள் நிற்க இடமும் வேண்டும் என்பது விதி.

இது பணம் படைத்தவர்களுக்குச் சரி. வட்டவடையில் பூண்டு போடுபவருக்கும், மறையூரில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுபவருக்கும், கொல்லங்கோட்டில் நெல் வயலும் நாலு மாடும் வைத்திருப்பவருக்கும் ஒரு வண்டியே பெரிய காரியம். ஆனால், நாயோடு வரும் குடும்பம் தேடுவது அந்த ஒற்றை வண்டியைத்தான். ஐந்து வண்டிகள் நெருங்கி நின்றால், ஐந்து நாய்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமிக் கொண்டிருக்கும். யாருக்குத் தூக்கம் வரும்?

உல்லாசத்துக்கென்று கட்டப்பட்ட முதல் கேரவனே நாயை ஏற்றிக் கொண்டுதான் கிளம்பியது என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ், 1885ல் "வாண்டரர்" என்ற குதிரை வண்டி வீட்டில் ஸ்காட்லாந்து வரை போனார். உடன் சென்றவர்களில் ஒன்று, "ஹரிக்கேன் பாப்" என்ற நியூபவுண்ட்லாந்து நாய். அந்த நாட்டில் இன்று பண்ணை ஓரத்துக் கேரவன்கள் பலவற்றில் நாய்க்கும் வரவேற்பு உண்டு, கண்டிப்பும் உண்டு. வயலில் ஆடு மாடுகளை நாய் விரட்டினால், 1953ம் ஆண்டுச் சட்டப்படி நாயின் சொந்தக்காரர் குற்றவாளி.

நம் பக்கத்திலும் அந்தக் கண்டிப்பு தேவை. நகரத்தில் வளர்ந்த நாய் ஆட்டைக் கண்டதில்லை. கோழியைச் சமைத்த பிறகுதான் கண்டிருக்கும். சினை ஆடு ஒன்றை அது விளையாட்டாக விரட்டினாலும், கரு கலைந்து விடக் கூடும். விருந்தாளிக்கு அது விளையாட்டு, விவசாயிக்கு ஒரு வருட வருமானம். ஆகவே சங்கிலி கழுத்தை விட்டு இறங்கக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும், உள்ளாட்சி மன்ற லைசென்சும் கையில் இருக்க வேண்டும். 2022ல் கேரளத்தில் வெறிநோய்ச் சாவுகள் பெரும் பேச்சாகிய பின், அடுத்தவர் நாயைக் கண்டால் கிராமத்தார் ஒதுங்கிச் செல்வதில் வியப்பில்லை.

பாலக்காட்டுச் சமவெளிக்கும் இடுக்கி மலைக்கும் தொல்லைகள் வேறு வேறு. பங்குனி, சித்திரை வெயிலில் பாலக்காட்டில் வெட்டவெளியில் நிற்கும் தகர வண்டி, அடுப்புதான். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். அதை வண்டியில் பூட்டி விட்டுக் கோயிலுக்குப் போனால், திரும்பும்போது உயிர் இராது. மலையில் வெயில் தொல்லை குறைவு. அட்டையும் உண்ணியும் அதிகம். இரவில் சிறுத்தை வரும். எஸ்டேட் பக்கம் அதற்கு நாய் என்றால் எளிதான இரை. இருட்டிய பின் வண்டிக்கு வெளியே கட்டிப் போடுவது, விருந்து வைத்து அழைப்பதற்குச் சமம்.

தேனியிலிருந்து போடிமெட்டு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். நாய்க்கும் தலை சுற்றும். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி விடுவது நல்லது. உடுமலையிலிருந்து மறையூர் போகும் சாலை, சின்னாறு சரணாலயத்தை ஊடுருவிச் செல்கிறது. அங்கே "ஒரு நிமிடம்" என்று நாயை இறக்கி விடலாகாது. 2018ல் குஜராத் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் நோய்க் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அது நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் நோய். நம் மலைச் செந்நாய்களுக்கும் அது எமன்தான்.

மழைக்காலத்தில் இடுக்கிப் பக்கம் போவோர் வண்டி நிற்கும் இடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தேடுதல் ஒரு வாரத்தைத் தாண்டிய நிலையில், அவ்வீடுகளில் ஒன்றின் நாய் "குவி", ஆற்றங்கரையில் ஓரிடத்தை விட்டு நகராமல் நின்றது. அங்கே தேடிய மீட்புப் படையினர், அது விளையாடித் திரிந்த வீட்டுக் குழந்தையின் உடலைக் கண்டெடுத்தனர். குவியைப் பின்னர் போலீஸ் நாய்ப் படையினர் எடுத்து வளர்த்தனர்.

செங்குத்துச் சரிவின் அடியிலும், ஓடையின் வாயிலும் வண்டியை நிறுத்த எந்தப் பண்ணைக்காரர் இடம் காட்டினாலும், மழை மாதங்களில் வேண்டாம் என்று சொல்லி விடலாம். முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: பண்ணையில் ஏற்கெனவே நாய் இருக்கிறதா, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா?