'அந்த நாள்' நல்ல பிரதிதானா? உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும்

"சிவாஜி அப்போ இவ்வளவு குண்டாவா இருந்தாரு?"

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் சமீபத்தில் முதன்முதலாக ஒரு லேப்டாப் வாங்கினார். கூடவே யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றும் வாங்கி, அப்பாவுக்காக 'அந்த நாள்' படத்தை டிவியில் ஓட்டினார். டிஸ்க் கவரில் 'டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அப்பா கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. அடுத்து, "இருட்டு சீன்ல ஆளே தெரியலையேடா" என்றாராம். டிஸ்க் மோசமா, லேப்டாப் மோசமா என்று நண்பர் எனக்கு போன் செய்தார். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான் பதில். எது எதனால் என்று கண்டுபிடிக்க பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மீடியா பிளேயர் போதும்.

முதலில் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏவிஎம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கி, 1954 ஏப்ரலில் வெளிவந்த படம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. 1943ல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். கொலையாளி யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி கதை நிழலில்தான் நடக்கிறது. அந்த நிழல் வெறும் கறுப்புத் திட்டாகிவிட்டால் துப்பும் போயிற்று. அதனால்தான் பிரதியின் தரம் இந்தப் படத்துக்கு மிக முக்கியம்.

சிவாஜி குண்டானது எப்படி? அக்காலத் திரைப்படச் சட்டம் ஏறக்குறைய 4க்கு 3 என்ற அளவு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973ல்தான் வந்தது. ஆகவே 1954ஆம் ஆண்டுப் படம் இன்றைய அகல டிவியை முழுவதும் நிரப்பினால் சந்தேகப்படுங்கள். ஒன்று, படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்திருந்தால் வண்டிச் சக்கரமும் சுவர்க் கடிகாரமும் முட்டை வடிவில் தெரியும். விஎல்சியில் வீடியோ மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோ சென்று 4:3ஐத் தேர்ந்தெடுங்கள். சக்கரம் வட்டமாகிவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். வெட்டியிருந்தால் கதை வேறு. உயரத்தில் ஏறக்குறைய 23 சதவீதம் போயிருக்கும். தலை உச்சி காணாமல் போன முகங்களை எந்த மெனுவாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அடுத்து இருட்டு. டிஸ்கைத் திட்டுவதற்கு முன் உங்கள் இணைப்பைப் பாருங்கள். வீடியோவில் கறுப்பு 16 என்ற எண்ணில் தொடங்கி வெள்ளை 235ல் முடிகிறது. கம்ப்யூட்டர் திரைக்கோ 0 முதல் 255 வரை. லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைக்கும்போது இரண்டும் வெவ்வேறு கணக்கில் பேசினால், நிழல் முழுவதும் கறுத்துப்போகும், அல்லது படம் சாம்பல் பூசியது போல் வெளிறும். கிராபிக்ஸ் செட்டிங்கில் லிமிடெட், ஃபுல் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். மாற்றி மாற்றிப் பாருங்கள். டிவியிலும் டைனமிக் மோடை விட்டு மூவி மோடுக்கு வாருங்கள். டைனமிக் மோட் கடையில் வாடிக்கையாளர் கண்ணைப் பறிப்பதற்காக வைத்தது, வீட்டுக்கல்ல. இவ்வளவு செய்தும் நிழலில் எதுவும் தெரியவில்லை என்றால் குறை டிஸ்கில் இருக்கிறது.

இனி டிஸ்கின் ஜாதகத்தைப் பார்ப்போம். படம் ஓடும்போது கண்ட்ரோல் கீயுடன் ஜே எழுத்தை அழுத்துங்கள். ஒரு பெட்டியில் 720க்கு 576 என்று தெரிந்தால் அது டிவிடி தரம். 352க்கு 288 என்றால், கவரில் என்ன எழுதியிருந்தாலும் அது விசிடி தரம். இணையத்தில் பார்ப்பது 1920க்கு 1080 என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய டிவிடி பிரதியையே பெரிதாக்கி எச்டி, 4கே என்று பெயர் சூட்டலாம். எண் பெரிதாகும், விவரம் கூடாது.

விவரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முகத்தின் அண்மைக் காட்சியில் நிறுத்தி, இ கீயைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். மெல்லிய மணல் தூவியது போல ஏதோ அசையும். அது அழுக்கல்ல, பிலிமின் இயல்பான மணித்தன்மை. படமே அந்த மணிகளால்தான் ஆனது. அவசர வேலை செய்பவர்கள் மென்பொருளில் ஒரு பட்டனைத் தட்டி இதைத் துடைத்துவிடுகிறார்கள். கூடவே நெற்றிச் சுருக்கமும் கோட்டின் நெசவும் போய்விடும். நடிகர் மெழுகு பொம்மையாவார். மழைக் காட்சி இருந்தால் மழைத் துளியைக்கூட தூசி என்று அழித்துவிடும் மென்பொருளும் உண்டு! கீறல் போயிருக்க வேண்டும், மணி இருக்க வேண்டும். நல்ல புதுப்பித்தலின் அடையாளம் அதுதான். இரண்டும் சேர்ந்து இருந்தால் கூட, இரண்டும் போன பிரதியைவிட அதையே நான் எடுத்துக்கொள்வேன்.

நகரும் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல் கோடுகள் தெரிகின்றனவா? டி கீயை அழுத்துங்கள், மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் மாற்றும்போதே பதிந்துவிட்ட தவறு. கறுப்பு வெள்ளையில் பச்சையோ நீலமோ அடித்தால் கண்ட்ரோல், இ அழுத்தி, வீடியோ எஃபெக்ட்ஸில் இமேஜ் அட்ஜஸ்ட்டை டிக் செய்து சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுங்கள்.

காட்சிகளை வெட்டியிருக்கிறார்களா என்று அறிய எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. படத்தின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் வந்தால் நிறுத்துங்கள். அதில் படத்தின் நீளம் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். எனவே அடியை 90ஆல் வகுங்கள். மீட்டரில் இருந்தால் 27.4ஆல். 12,000 அடி என்றால் 133 நிமிடம். ஆனால் டிஸ்கில் 128 நிமிடமே காட்டினால் கோபப்பட வேண்டாம். பிலிம் நொடிக்கு 24 பிரேம், நம் நாட்டு டிவிடிகள் 25. அந்த வேகத்தில் 4 சதவீதம் குறையும், குரலும் சற்றுக் கீச்சென்று கேட்கும். அதற்கும் மேல் குறைந்தால் கத்தரி விழுந்திருக்கிறது. சான்றிதழையே வெட்டியிருந்தால்? அதுவும் ஒரு தகவல்தான்.

உண்மையான புதுப்பித்தல் பட்டன் வேலையல்ல. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948ல் வெளிவந்த உதயசங்கரின் 'கல்பனா'வும் கறுப்பு வெள்ளைதான். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவிலிருந்து இத்தாலியின் பொலோன்யாவில் அதைப் புதுப்பித்து, 2012ல் கான் விழாவில் திரையிட்டார்கள். நெகட்டிவோ நல்ல பிரின்ட்டோ கிடைத்தால்தான் அங்கே வேலையே தொடங்கும். பழைய டிவி டேப்பிலிருந்து எடுத்ததை எவ்வளவு தேய்த்தாலும் இல்லாத நிழல் வராது.

நம் நண்பர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர். பார்ட் வந்தால் லேபிளைப் பார்த்து உள்ளே விடுவதில்லை, அளந்துதான் விடுவார். அதே பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்திருக்கிறார். 4:3க்கு மாற்றியதும் சிவாஜி ஒல்லியாகிவிட்டார். செட்டிங்கை மாற்றியதும் நிழல் கொஞ்சம் திறந்தது, முழுக்க அல்ல. முகங்களில் மெழுகு அப்படியேதான் இருந்தது. ஷிஃப்ட், எஸ் அழுத்தி நான்கைந்து காட்சிகளைப் படமாகச் சேமித்து எனக்கும் அனுப்பினார். விற்றவர்களுக்கு அதே படங்களுடன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்.

அப்பா மட்டும் படத்தை விடவில்லை. கடைசி ரீலுக்கு முன்பே கொலையாளி பெயரை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம்.