கட்டினால் படகு, அவிழ்த்தால் சுமை

ராமநாதபுரம் மாவட்டக் கரைக்காரர்களுக்குக் கடல் இரண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கீழக்கரை தென்கடலில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஏறிவிட்டால் தென்கடல் புரட்டி எடுக்கும். அதே நாட்களில் தேவிபட்டினம் பக்கம் வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். காற்றைப் பார்த்துக் கடல் மாறுவது இந்தக் கரை மீனவர்களுக்குப் பழகிய வேலை. சாலை வழியாகப் போனால் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்தைத் தாண்டித் தேவிபட்டினம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்தான். படகை வண்டியில் ஏற்றத் தெரிந்தவனுக்கு ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு கடல் திறந்திருக்கும்.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த தங்கை மகனிடம் இதைத்தான் சொன்னேன். சென்னையில் பழைய ஹோபி 16 ஒன்று விலைக்கு வருகிறதாம். வாங்கலாமா என்று கேட்டான். “வாங்கலாம். எப்படிக் கொண்டு வருவே? கரையிலே யார் பூட்டுவா?” என்றேன். இரண்டு டீ குடித்தும் அந்தப் பேச்சு முடியவில்லை. இப்படி ஒரு படகின் மேல் கண் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவுமே என்று அதை இங்கே ஒழுங்குபடுத்துகிறேன்.

முதலில் படகைப் பற்றி. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் 1960களின் கடைசியில் கொண்டுவந்த வகை இது. ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றை இணைக்கும் அலுமினியச் சட்டம், நடுவில் உட்கார இழுத்துக் கட்டிய டிராம்போலின் துணி, ஒரு பாய்மரம், இரண்டு பாய்கள், இரண்டு சுக்கான்கள். நீளம் 16 அடி 7 அங்குலம், அகலம் 7 அடி 11 அங்குலம், எடை சுமார் 145 கிலோ. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை எதுவும் கிடையாது, சுக்கானும் தட்டினால் மேலே மடங்கிக்கொள்ளும். அதனால் மணலில் நேராக ஏறும். நம் ஆழமில்லாத கடலுக்கு ஏற்ற உடல்வாகு.

நம் ஊர்க் கட்டுமரம் வேறு சாதி. அது மரக்கட்டைகளை ஒட்டிக் கட்டிய மிதவை. இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்கள் தந்தது. கட்டுமரம் என்ற பெயர் மட்டும் இங்கிருந்து போய் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவிழ்த்துப் பூட்டும் படகு எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்கும்போது கட்டுமரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. சோழமண்டலக் கரையில் கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துக் காயப் போடுவார்கள். எடை குறைந்த மரமாதலால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். பிரித்தால்தான் சீக்கிரம் காயும். மறுநாள் மறுபடி கட்டு. ஒவ்வொரு கட்டையும் அதனதன் இடத்துக்கென்றே செதுக்கியது. நடுக்கட்டையைக் கொண்டுபோய் ஓரத்தில் வைக்க முடியாது.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. தனித் துண்டு எதுவும் ஆள் தூக்கமுடியாத கனம் இருக்கக்கூடாது. எந்தத் துண்டு எங்கே என்பதில் குழப்பம் வரக்கூடாது. பூட்டுவதற்குக் கருவி வேண்டியிருக்கக்கூடாது. ஹோபியோ வேறொன்றோ, இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தாலே எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது பிடிபடும்.

“ஏன் மாமா, போல்ட்டு போட்டு இறுக்கிட்டா பலந்தானே? கயிறு எதுக்கு?”

நியாயமான கேள்வி. ஹோபி மாதிரிப் படகில் உடலும் சட்டமும் சேரும் நான்கு மூலைகள்தான் உயிர்நாடி. அலை ஒரு உடலை ஏற்றி இன்னொன்றை இறக்கும்போது அந்த முறுக்கு முழுவதும் அங்கேதான் விழும். மூலை இறுக்கமாக இருந்தால்தான் பாய்மரக் கம்பிகள் தளராமல் நிற்கும். அடிக்கடி கழற்றிப் பூட்டினால் துளை அகன்று ஆட்டம் கொடுக்கும். ஆகவே அந்த மூலைகளை வாராவாரம் பிரிக்கிற எண்ணமே வேண்டாம்.

வேறு வழியில் யோசித்தவர் ஜேம்ஸ் வாரம். 1950களில் தானே கட்டிய இரட்டை உடல் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டிய ஆங்கிலேயர். அவர் வடிவமைத்த படகுகளில் உடலையும் குறுக்குச் சட்டத்தையும் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். கயிற்றுக் கட்டில் மாதிரிதான்: கொஞ்சம் அசையும், அசைந்து கொடுப்பதாலேயே முறியாது. கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிக்கொள்ளலாம். போல்ட்டு உள்ளே அரிப்பது வெளியே தெரியாது. ஹிடியா என்ற பெயரில் 14, 17 அடிகளில் சின்னக் கரைப்படகுகளும் அவர் வரைபடங்களில் உண்டு. புதிதாகச் சொந்தமாய்க் கட்டுகிறவருக்கு அது நல்ல வழி. ஆனால் இறுகிய மூலைக்கென்று வார்த்த ஹோபியில் போய்ப் போல்ட்டை எடுத்துவிட்டுக் கயிறு கட்டக்கூடாது. அதன் கணக்கு வேறு.

அப்படியானால் ஹோபியை எப்படிக் கொண்டு வருவது? இங்கே சாலை விதி பேசும். இந்தியாவில் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஹோபி 16 பூட்டியபடியே 2.41 மீட்டர், தப்பித்துக்கொள்ளும். ஒலிம்பிக்கில் ஓடிய டார்னடோ 10 அடி அகலம். அதைப் பிரிக்கவேண்டும், இல்லையென்றால் டிரெய்லரில் சாய்த்து நிறுத்தவேண்டும். எனவே இங்குள்ள இரண்டு கடலுக்கும் நடுவே மாறுவதற்கு ஹோபியின் உடலைப் பிரிக்கத் தேவையே இல்லை. பாய்மரத்தைப் படுக்கவைத்து, சுக்கானையும் பாயையும் கழற்றினால் போதும்.

சென்னையிலிருந்து கொண்டுவரும் அந்த ஒரு முறைக்கு முழுதாகப் பிரித்து லாரியில் ஏற்றலாம். குட்டி யானையில் போட்டுவிடலாம் என்று நினைக்கவேண்டாம். வண்டிக்கு வெளியே சுமை நீட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். 17 அடி ஐஷர் மாதிரி நீளமான வண்டி பார்க்கவேண்டும். அதிலும் உடல்தான் அடங்கும். பாய்மரம் 26 அடி 6 அங்குலம். அதற்குத் தனியாக வழி தேடவேண்டும்.

“மரத்தை ரெண்டா வெட்டிட்டா?”

லேசர் என்ற சின்னப் பாய்ப்படகில் மரம் இரண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் அது இரண்டு துண்டாகவே திட்டமிட்டது. பக்கக் கம்பிகளும் கிடையாது. கம்பியால் இழுத்து நிற்கும் மரத்தை நடுவில் வெட்டி உள்ளே குழாய் செருகுவது கவனமாகச் செய்யவேண்டிய வேலை. செருகும் குழாய் மரத்தின் குறுக்களவைப் போலப் பல மடங்கு நீளம் இருக்கவேண்டும், ஆடாமல் பொருந்தவேண்டும், கம்பி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டு வரக்கூடாது. அலுமினியத்தில் எவர்சில்வர் திருகு போட்டால் உப்புக்காற்றில் இரண்டும் சண்டை போட்டு அலுமினியம் பொடியாகும். இடையில் பசை தடவவேண்டும். ஒரே ஒரு லாரிப் பயணத்துக்காக இவ்வளவு வேண்டாம். வாடகை கூடினாலும் நீள வண்டியே லாபம்.

இனி கரை. நேரத்தைத் தின்பது பாய்மரம் நிமிர்த்தும் வேலைதான்; ஆபத்தும் அதில்தான். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மரம் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம். எடையின் மையம் அடியிலிருந்து 4 மீட்டரில். டிராம்போலின்மேல் நின்று அடியிலிருந்து 2 மீட்டரில் பிடித்துத் தூக்குகிறவனுக்குக் கை உணரும் கனம் 40 கிலோ. மரம் நிமிர நிமிரக் கனம் குறையும். ஆக முதல் பாதிதான் கஷ்டம். முன்னால் நின்று கயிறு இழுக்கிறவனால் அந்த முதல் பாதியில் பெரிய உதவி கிடையாது. மரம் கிடையாகக் கிடக்கும்போது கயிறும் ஏறக்குறைய அதே கோட்டில் ஓடுவதால், இழுப்பெல்லாம் மரத்தை அடிப்பக்கம் தள்ளத்தான் போகும்.

தீர்வு ஒரு தூக்குக்கம்பு. மரத்தின் அடியில், அதற்குச் செங்குத்தாக முன்னோக்கி 2 மீட்டர்க் கம்பு ஒன்றைப் பொருத்தி, இழுக்கும் கயிற்றை அதன் நுனி வழியாக விடு. மரம் படுத்திருக்கும்போது கம்பு நிமிர்ந்து நிற்கும், கயிற்றுக்கு நல்ல கோணம் கிடைக்கும். மரம் எழ எழக் கம்பு முன்னால் சாயும். ஒரு கப்பியும் சேர்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்தலாம். கம்பு பக்கவாட்டில் துவளாதபடி இரண்டு பக்கமும் கயிறு கட்டிக்கொள்ளவேண்டும்.

அடிக்குமிழில் பின் ஒன்று போட்டு மரத்தைக் கீல்போல ஆக்கிக்கொள்வது இதற்கு முதல் நிபந்தனை. பின் இல்லாவிட்டால் பாதி உயரத்தில் அடி வழுக்கி மரம் பின்னால் வந்து இடிக்கும். நிமிர்ந்து முன்கம்பி மாட்டியதும் பின்னை எடுத்துவிடவேண்டும். ஓட்டத்தில் மரம் திரும்பிக் கொடுக்கவேண்டும் அல்லவா. இன்னொன்று, பக்கக் கம்பிகள் இரண்டையும் முன்கூட்டியே மாட்டி, முறுக்கு இல்லாமல் ஓடுகிறதா என்று பார். கம்பி ஒன்று சட்டத்தின் மூலையில் சிக்கிக்கொண்டால் மரம் ஒருபக்கமாய்ச் சரியும். அதைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

தூக்குமுன் தலையை அண்ணாந்து பார்க்கவேண்டும். மேலே மின்கம்பி போனால் அந்த இடமே வேண்டாம். அமெரிக்காவில் ஹோபி பாய்மரங்கள் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போனபின்தான் மரத்தின் நுனிப்பகுதியை மின்சாரம் பாயாத கண்ணாடியிழையில் செய்ய ஆரம்பித்தார்கள். பழைய படகு வாங்குகிறவன் அது இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இருந்தாலும் அதை நம்பி மின்கம்பிக்குக் கீழே நிற்கக்கூடாது. கீழே மிச்ச மரமும் கம்பியும் உலோகம்தானே.

மற்ற மாற்றங்களுக்குப் பணம் அதிகம் ஆகாது. கரையில் ஸ்பானர் எடுக்கவேண்டிய இடத்தையெல்லாம் பார்த்து வை. சுக்கான், பூம், பக்கக் கம்பி ஆகியவற்றில் நட்டை எடுத்துவிட்டு வளையம் பூட்டும் பின் போடலாம். நட்டு மணலில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. பின்னை ஒரு நூல்கயிற்றால் அதனதன் இடத்திலேயே கட்டித் தொங்கவிடு. கம்பியை மாட்டும் தகட்டில் பல துளைகள் இருக்கும். சரியான துளையைச் சுற்றிப் பெயிண்ட் வை. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறும் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் அரைகுறை வெளிச்சத்திலும் குழப்பம் வராது. உடல்களுக்கும் இடம், வலம் எழுதி வை. ஹோபி 16 உடலில் வெளிப்பக்கம் ஏறக்குறையத் தட்டை, உட்பக்கம் வளைவு. அந்த வளைவுதான் படகு காற்றோடு பக்கவாட்டில் அடித்துப்போகாமல் பிடிக்கிறது. மாறிப் பூட்டினால் படகு ஓடும், ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

டிரெய்லர் செய்யும்போது லேத் பட்டறையில் லாரிக்குப் போடுகிற மாதிரி தடித்த பட்டை வில் போட்டுத் தருவார்கள். வேண்டாம். 145 கிலோவுக்கு அந்த வில் மடங்கவே மடங்காது. பள்ளத்துக்குப் பள்ளம் படகு துள்ளி உடலில் விரிசல் விடும். மெல்லிய வில் போதும். உடலைத் தாங்கும் மெத்தைகள் குறுக்குச் சட்டங்களுக்கு நேர்கீழே வரட்டும். வாரை உடலைச் சுற்றி இறுக்காமல் சட்டத்தின்மேல் போட்டு இறுக்கு. மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு முன் கொக்கியில் உட்காரவேண்டும். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும். முன்தண்டு நீளமாக இருந்தால்தான் மரத்தின் முனை காரை இடிக்காது. வண்டியைப் பதிவு செய்வது உள்ளிட்ட விஷயங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடு.

டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காதே. உப்புநீர் ஏறிய பேரிங் அடுத்த பயணத்திலேயே கத்தும். மணலில் தள்ளத் தனியாக ஒரு சக்கர வண்டி வேண்டும். ஸ்கூட்டர் சக்கரம் மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கும்; காற்றழுத்தம் குறைந்த, பலூன்போல் அகன்ற சக்கரம் மணல்மேல் மிதந்து உருளும். இரண்டு சக்கரம், ஒரு அச்சு, உடல் உட்கார இரண்டு தொட்டில், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கட்டுப்பாடு. கீழக்கரைக்கு எதிரே அப்பாத்தீவு, தலையாரி, வாலை, முல்லி என்று கிடக்கும் தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. மணலில் ஏறும் படகு கையில் இருக்கிறதே என்று அங்கே ஏறக்கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கமே போகவேண்டாம். எங்கே ஓட்டினாலும் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டு.

“அப்ப மொதல்லே எதுக்குச் செலவு பண்றது மாமா?” என்று கேட்டான். பேரிங்கும் பாயும் பிறகு. முதலில் பழைய கம்பிகளை மாற்று, அடுத்துப் பின்கள், மூன்றாவது மணல் சக்கரம், நான்காவது தூக்குக்கம்பு, கடைசியாகத்தான் டிரெய்லர். ஒவ்வொரு கடல் பருவம் மாறும்போதும் லாரி வாடகைக்கு எடுத்தால் சமாளித்துவிடலாம்; தேய்ந்த பக்கக் கம்பியை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியாது. பணம் கொடுக்குமுன் விற்கிறவர் எதிரிலேயே மரத்தை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல். கூட ஒரே ஒருவரை மட்டும் அழைத்துப் போ. இரண்டு பேரால் முடியவில்லை என்றால், அந்தப் படகு கீழக்கரைக்கு வந்தபின் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும்.