திவால் நடவடிக்கையும் மேல்முறையீட்டுக் காலத் தடையும்

கடன் தவறிய நிறுவனத்தின் மீதான மனுவைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதும், அந்நிறுவனத்தின் நிலை அடியோடு மாறிவிடுகிறது. இயக்குநர் குழுவின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. நிர்வாகம் இடைக்காலத் தீர்வு வல்லுநரின் கைக்குச் செல்கிறது. பின்னர்க் கடன் கொடுத்தோர் குழு அமைகிறது. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வகுத்துள்ள ஏற்பாடு இது. இவ்வாணை தவறானது எனக் கருதுவோர் மேல்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை நடவடிக்கை நிற்குமா என்பதே கேள்வி.

மேல்முறையீடு தானே தடையாகாது

மேல்முறையீடு தாக்கல் செய்ததனாலேயே கீழ்மன்றத்தின் ஆணை நின்றுவிடாது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறும் இப்பொது விதியே இங்கும் பின்பற்றப்படுகிறது. எனவே, 61-ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகுவோர், இடைக்காலத் தடையைத் தனியே கோரிப் பெற வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்கும் மேலே, சட்டப் பிரச்சினையின் மீது மட்டும் உச்சநீதிமன்றத்தை அணுகலாம்.

முறையிடுவோர் யார் என்பதும் முக்கியமாகும். அதிகாரம் இழந்த இயக்குநர்கள் நிறுவனத்தின் பெயரால் மேல்முறையீடு செய்ய இயலாது என்று 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவர்கள் தம் பெயரிலேயே முறையிட வேண்டும்.

மனு ஏற்கப்பட்டதும் 14-ஆம் பிரிவின்கீழ் வரும் தடைக்காலம் வேறு, இத்தடை வேறு. முன்னது கடன்காரர்களின் வழக்குகளிலிருந்து நிறுவனத்தைக் காக்கிறது. பின்னது திவால் நடவடிக்கையையே நிறுத்துகிறது.

எதை ஆராய்வர்?

முறையீட்டில் முதல் நோக்கிலேயே வலு உண்டா, தடை மறுத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேருமா, இரு தரப்பின் சாதக பாதகங்கள் எவை ஆகிய மூன்றும் ஆராயப்படும். முழுத் தடைதான் வேண்டுமென்பதில்லை. கடன் கொடுத்தோர் குழு அமைவதை மட்டும் நிறுத்தலாம். குழு அமைய விட்டு, தீர்வுத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பைத் தள்ளி வைக்கலாம். பணம் கட்டுமாறு நிபந்தனையும் விதிக்கலாம்.

தடை எதிர்த்திசையிலும் செயற்படக்கூடும். 2024 ஜூலையில் பைஜூஸ் நிறுவனத்தின் மீது, ஏறத்தாழ 158 கோடி ரூபாய் நிலுவைக்காக இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தொடுத்த மனு ஏற்கப்பட்டது. சமரசத்தை ஏற்று, ஆகஸ்டு 2-ஆம் நாள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடவடிக்கையை முடித்தது. வேறு கடன் கொடுத்தோர் தரப்பு உச்சநீதிமன்றம் சென்றது. ஆகஸ்டு 14-இல் அம்முடிவுக்குத் தடை கிடைத்ததால், நின்ற நடவடிக்கை மீண்டும் உயிர்பெற்றது. அக்டோபர் 23-இல் அம்முடிவே ரத்தாயிற்று.

காலத்தின் விலை

வழக்குக் காலம் உட்பட 330 நாட்களுக்குள் தீர்வு காணவேண்டுமென 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. விதிவிலக்கான சூழ்நிலையில் இக்காலத்தை நீட்டிக்கலாம் என அதே ஆண்டு உச்சநீதிமன்றம் விளக்கியது. ஆயினும், ஆலை நின்றால் இயந்திரம் துருப்பிடிக்கும், வாடிக்கையாளர் விலகுவர், தொழிலாளரின் ஊதியமும் சிறு வணிகரின் நிலுவையும் தேங்கும். மறுபுறம், தவறான ஆணை தடையின்றி நிறைவேறிவிட்டால், பின்னர் வரும் வெற்றி வெறும் காகித வெற்றியாகிவிடும். ஆகவே, தடை அளிப்பதைக் காட்டிலும் மேல்முறையீட்டை விரைந்து முடிப்பதே இரு தரப்புக்கும் உண்மையான நிவாரணமாகும்.