இலவசமாகக் கிடைப்பதைத் திருடி ஆபத்தை வாங்குவது ஏன்?

ஒரே கணினியில் இரண்டாவது இயங்குதளம் தேவைப்படுகிறவர்கள் நெல்லியடி போன்ற சிறு நகரத்திலும் குறைவில்லை. பேஜ்மேக்கரையும் பாமினி எழுத்துருவையும் விடமுடியாத அச்சகம், பழைய விண்டோசில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் கடை, லினக்ஸ் பழகவேண்டிய மாணவர் என்று பல வகையினர். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது இந்தத் தேவையை மேலும் கூட்டியிருக்கிறது. இதற்குரிய வழி, கணினிக்குள் தனியே இயங்கும் மெய்நிகர் கணினி. ஆனால் பலர் செய்வது என்ன? யாரோ தந்த பென்டிரைவிலுள்ள 'கிராக்' செய்த விஎம்வெயார் என்ற மெய்நிகர் மென்பொருளை ஏற்றி, அதற்குள் 'அக்டிவேட்டர்' போட்ட விண்டோசை நிறுவுகிறார்கள். காசு மிச்சமாம். அந்த விஎம்வெயார் சட்டப்படியே இலவசம் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் புரோ 2024 மே மாதம் தனிப்பட்ட பாவனைக்கும், அதே ஆண்டு நவம்பரில் வியாபாரப் பாவனைக்கும் இலவசமானது. அதன் உரிமையாளரான புரோட்கொம் நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் திறந்துதான் இறக்கவேண்டும். அந்தச் சின்னச் சிரமத்துக்குச் சலித்துத்தான் ஆட்கள் பென்டிரைவைத் தேடுகிறார்கள். ஒரக்கிளின் வேர்ச்சுவல்பொக்ஸ் கட்டற்ற மென்பொருள். கடைக்காரரும் காசின்றிப் பாவிக்கலாம். ஆனால் அதனுடன் தனியாக வரும் 'எக்ஸ்டென்ஷன் பக்' வேறு உரிமத்துக்கு உட்பட்டது. வீட்டிலும் கல்விக்கும் இலவசம். வியாபாரத்துக்குப் பணம் கட்டவேண்டும். 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 வசதிகள் அடிப்படைப் பொதியிலேயே இருப்பதால் பெரும்பாலான கடைகளுக்கு அந்த இணைப்பு தேவையே இல்லை. இதே வேலையைச் செய்யும் ஹைப்பர்-வி விண்டோஸ் புரோவில் உண்டு, ஹோமில் இல்லை. லினக்ஸில் இருப்பவருக்குக் கேவிஎம் போதும். நிறுவியது இயங்க மறுத்தால் கணினியை 'போர்மட்' செய்யக் கொடுக்கவேண்டாம். முதலில் பயோஸில் வேர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ராம் 8 ஜிபியாவது இருக்கட்டும். 4 ஜிபி மட்டும் என்றால் இரண்டு இயங்குதளங்களையும் தனித்தனிப் பகுதிகளில் நிறுவி, தேவையானதைத் தொடக்கத்தில் தெரிவுசெய்வதே நல்லது.

மெய்நிகர் மென்பொருள் இலவசம் என்பதால் அதற்குள் போடும் விண்டோசும் இலவசமாகிவிடாது. கணினியுடன் வந்த உரிமம் அந்த ஒரு நிறுவலுக்கு மட்டுமே. உள்ளே இன்னொன்று போட்டால் இன்னொரு உரிமம் வேண்டும். நெல்லியடிக்கு வந்து யார் சோதிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே வியாபார இலாபத்துக்குப் பாவித்தால் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சரி, பொலிஸ் வராது என்றே வைத்துக்கொள்வோம். கள்ளன் வருவானே! 2021இல் 'கேஎம்எஸ்பிகோ' என்ற அக்டிவேட்டரின் பெயரில் பரவிய கோப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட்டைக் காவி வந்தது.

எல்லாம் மெய்நிகர் கணினிக்குள் அடங்கிவிடும் என்ற வாதமும் அரைகுறையானது. கிராக் செய்த விஎம்வெயார் உள்ளே ஓடுவதில்லை. அது உங்கள் உண்மையான கணினியிலேயே ஓடுகிறது. உள்ளே இருப்பதற்கும் பகிர்ந்த கோப்புறை, பொதுவான கிளிப்போர்ட், வலையமைப்பு என்று வாசல்கள் உண்டு. 2014 ஏப்ரல் 8 உடன் ஆதரவு முடிந்த எக்ஸ்பியைப் பேஜ்மேக்கருக்காக வைத்திருப்பவர் அதன் இணையத் தொடர்பை முற்றாகத் துண்டிக்கவேண்டும். 'ஸ்னப்ஷொட்' எடுத்திருக்கிறேன் என்ற ஆறுதலும் பொய். அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். 2023இல் அரச மேகக் கணிமையைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியபோது, ஆதரவு முடிந்த மின்னஞ்சல் மென்பொருளை ஓடவிட்ட அதிகாரிகளிடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதியே இருக்கவில்லை. அரசாங்கத்தின் அலட்சியத்தை நாமும் பழகவேண்டுமா? மெய்நிகர் கணினியை நிறுத்தி, அதன் கோப்புறையை முழுதாக வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

கடையில் நிறுவக் கொடுத்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. 'சொஃப்ட்வெயார்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். விண்டோசின் பதிப்பு, உரிமம் தரப்பட்டதா, அதற்கு அறவிட்ட தொகை, திகதி, கடையின் பெயர் ஆகிய ஐந்தும் அதில் இருக்கவேண்டும். உரிமம் என்று காசு வாங்கித் திருட்டுப் பிரதியைப் போட்டிருந்தால், திரையில் வரும் எச்சரிக்கையைப் படமெடுத்து, பற்றுச்சீட்டின் நகலுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விபரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். விற்ற அல்லது சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாடு போய்ச்சேரவேண்டும் என்பது சட்டம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு வழங்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போய் நியாயம் நிறுவுவது கடினம். கிராக் வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் முறையிட முகமும் இராது. ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், பென்டிரைவில் வருவதைத் தொடாதீர்கள்.