பதின்மூன்றாவது இலக்கம் செய்யும் வேலை

சோப்பு, பிஸ்கட், தேயிலைப் பொட்டலம் எதை எடுத்தாலும் அதன் உறையில் கறுப்புக் கோடுகளும் அவற்றின் கீழே பதின்மூன்று இலக்கங்களும் இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். கோடுகள் இயந்திரத்துக்கு, இலக்கங்கள் நமக்கு. உறை கசங்கி இயந்திரம் படிக்க மறுத்தால், பில் போடுபவர் அந்த எண்ணைக் கையால் தட்டுகிறார். தீபாவளிக் கூட்டத்தில் ஓர் இலக்கம் தவறி, 100 கிராம் பொட்டலத்துக்கு 500 கிராம் விலை விழுந்துவிடாதா? விழாது. அதற்கான காவல் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

உதாரணத்துக்கு 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி படித்தால் எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் கோடி! இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ள ஆறு இலக்கங்களைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ள ஆறையும் கூட்டினால் 34. அதை 3-ஆல் பெருக்க 102. ஆக மொத்தம் 130. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ, அதுவே பதின்மூன்றாவது இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் இங்கே 0. மொத்தம் 127 என்றால் 3 வந்திருக்கும்.

ஏன் மூன்றால் பெருக்க வேண்டும்? இரண்டால் பெருக்கினால், 1-க்குப் பதில் 6 என்று தட்டும்போது ஐந்து வித்தியாசம் பத்தாகிவிடும்; பிழை வெளியே தெரியாது. மூன்றால் பெருக்கினால் 1 முதல் 9 வரை எந்த வித்தியாசமும் பத்தின் மடங்காவதில்லை. ஆகவே ஓர் இலக்கம் மட்டும் தவறினால் அது தப்பவே முடியாது.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது வேறு சங்கதி. பேரேட்டில் 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்பது பழைய கணக்கப்பிள்ளைகளுக்கு அத்துபடி. பார்கோடு எண்ணிலும் 12 என்பது 21 ஆனால் கணக்கு இடிக்கும். ஆனால் 38 என்பது 83 ஆனால் இடிக்காது! முதலாவதில் 3-உம் 24-உம் சேர்ந்து 27. இரண்டாவதில் 8-உம் 9-உம் சேர்ந்து 17. வித்தியாசம் சரியாகப் பத்து. 1-6, 2-7, 4-9, 0-5 ஜோடிகளும் இப்படித்தான். கையால் தட்டியபின் திரையில் வரும் சரக்கின் பெயரையும் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இந்த எண்ணில் விலை இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். விலை நம் கணிப்பொறியில்தான் இருக்கிறது. 890 என்ற தொடக்கமும் இந்தியச் சரக்கு என்பதற்கு அத்தாட்சி ஆகாது. எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா என்பதே அதன் பொருள்.

பருப்பு, மசாலாவைத் தாமே பொட்டலம் போடும் அங்கத்தினர்கள், 890-இல் தொடங்கும் ஓர் எண்ணைத் தாமாகவே அச்சிட வேண்டாம். கடைசி இலக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அது வேறொருவருக்கு வழங்கிய எண்ணாக இருக்கலாம். அப்போது வாங்கிய கடையில் இரு சரக்கும் ஒரே பெயரில் பில் ஆகும். சொந்தக் கடைக்குள் மட்டும் விற்பதற்கு 2-இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வெளிக்கடைகளுக்கும் அனுப்புவதானால், முறைப்படி பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.