மெழுகு போன இடத்தில் சாமி!

கிளிஞ்சலில் திரி வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றினால் அழகான விளக்கு. மெழுகு எரிந்து தீரும், கிளிஞ்சல் மிஞ்சும்.

கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலையிலும் மெழுகு உருகிப் போகிறது. ஆனால், அது போன இடத்தில் சாமி வந்துவிடுகிறார்!

எப்படி?

தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அந்த மெழுகில் ஸ்தபதி முதலில் சிலையைச் செய்கிறார். அளவு பார்க்கத் தென்னை ஓலை. ஓலையின் மடிப்புகள்தான் கணக்கு!

பிறகு மெழுகுச் சிலை மீது காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் நெருப்பில் சுட்டால், மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண் கூட்டை உடைத்தால், உள்ளே சிலை!

ஒரு கூடு, ஒரே சிலை

கூடு உடைந்தது உடைந்ததுதான். அடுத்த சிலைக்கு மறுபடியும் மெழுகில் தொடங்க வேண்டும். உலோகம் சரியாகப் பாயாவிட்டாலோ, அத்தனை நாள் பாடும் வீண். அதனால்தான் உலோகம் ஊற்றும் நேரத்தில் அவ்வளவு கவனம்.

2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுத்திய நடராஜர், சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்தவர். உயரம் 27 அடி. எடை 18 டன். அவ்வளவு பெரிய சாமியும் முதலில் மெழுகாக இருந்தவர்தான்!