சதுர அடிக்கு வரி, கரண்ட் பில்லுக்கு உதவி

மயிலாப்பூரில் 590 சதுர அடி ஃபிளாட். அரையாண்டு சொத்து வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஏப்ரல் உயர்வில் அது 1,500 ஆனது. அடையாறில் 2,000 சதுர அடி வீட்டுக்கு 10,000 கட்டியவருக்கு வந்தது 25,000. பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று ஏற்றினார்கள்.

ஒரேயடியாக இப்படி ஏற வேண்டியதில்லை. 1998-க்குப் பிறகு இருபது ஆண்டு யாரும் தொடவில்லை. 2018-இல் உயர்த்தி, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019-இல் நிறுத்திவைத்தார்கள். கடைசியில், நகர்ப்புற மானியம் வேண்டுமானால் சொத்து வரியைத் திருத்து என்று 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை போட்டது.

மாநில அரசின் கோட்டையிலும் கஜானா காலியாகத்தான் இருந்தது. 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி, 2020-21 வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய். சம்பளம், பென்ஷன், வட்டிக்கே கடன் என்ற நிலை. (நாலே நாளில் வந்த பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்து, ஆண்டுக்கு 1,160 கோடியை விட்டுக்கொடுத்தார்கள் என்பது வேறு கதை.)

சம்பளத்தையும் வட்டியையும் வெட்ட முடியாது. வெட்ட இடமிருப்பது நலத்திட்டங்களில்தான். அங்கே ஓட்டு இருக்கிறது. அதனால் அரசு நேரடியாக வெட்டாமல் வடிகட்டியது. இல்லத்தரசிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற தேர்தல் வாக்குறுதி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது நிபந்தனைகளோடு வந்தது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். தி.நகரில் இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு வாய்ப்பில்லை. ஏமாற்றினார்கள் என்று எதிர்க்கட்சிகள் சாடின. என் கணக்கில் அது சரியான வெட்டு.

வரிப் பக்கம் அளவுகோல் அவ்வளவு துல்லியமில்லை. மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய பூர்வீக வீட்டில் பென்ஷனில் காலம் தள்ளும் தம்பதிக்கு இடம் பெரிது, வருமானம் சிறிது. சதுர அடிக்கு அது தெரியாது. 2024 அக்டோபரிலிருந்து 6 சதவீத உயர்வும் சேர்ந்துகொண்டது. ஆண்டுதோறும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதை 1998-இலேயே தொடங்கியிருந்தால் 150 சதவீத அதிர்ச்சிக்கு வேலையே இருந்திருக்காது.

கோட்டையின் கஜானாவும் நிரம்பிவிடவில்லை: மாநிலத்தின் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி.